மூன்றாம் அங்கத்துச் சிறைக்காவலர்

டொரோண்டோவில் போட்ட வியன்னா இசைநாடகம் ஒன்றில் அந்த நடிகருக்குக் குடிகாரச் சிறைக்காவலர் வேடம். ஒப்பனை போட்டது நான். மெலிந்த முகத்தைத் தந்துவிட்டுக் கண்ணை மூடி, நான் பேசுவதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்பார். அப்படித்தான் ஸ்காபரோவில் இருக்கும் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அப்பா செத்த பிறகும் அவருடைய நம்பருக்குக் கோல் எடுத்து, வொயிஸ் மெயிலில் இருக்கும் குரலைக் கேட்கிறா என்று.

அந்த வேடம் போடுகிறவர் அந்தந்த ஊர்ப் பகிடியை வசனத்தில் தானே சேர்ப்பது வியன்னா வழக்கமாம். முதல் நாளே மேடையில் சொன்னார்: “ஸ்காபரோவில் ஒரு விதவை தினமும் புருஷனுக்குப் போன் அடிக்கிறாள். உயிரோடு இருந்தபோதே அவன் போனைத் தூக்கியதில்லை!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

“பெயர் சொல்லவில்லையே,” என்றார் என்னிடம், ஒட்டுமீசையை உரித்தபடி.

நாடகம் பார்க்க வந்திருந்த அம்மா காரில் கேட்டா: “உவனுக்கு என்ர கதை எப்பிடித் தெரியும்?”

அந்தச் சிறைக்காவலரைப்போல் என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர் இன்றுவரை வேறு ஒருவருமில்லை.