ராடிமுக்கு எல்லாமே கட்டாயம்

ராடிம் சுஹானெக்கை விருந்துக்கு அழைக்கும்போது கவனமாகப் பேச வேண்டும். முடிந்தால் கேக் கொண்டுவா என்று சொல்லிவிட்டால், கடை பூட்டியிருந்தாலும் கேக் இல்லாமல் மனிதர் வாசல் ஏறமாட்டார்.

செக் நாட்டின் பிர்னோ நகரில் எங்கள் அலுவலகத்தில் அவருடைய வேலை, ஜாவா மொழியில் எழுதிய நிரல்களை லினக்ஸ் கணினிகளில் நிறுவும் பொதிகளாகக் கட்டுவது. ஒரு நிரல் ஓட வேறு எவையெல்லாம் வேண்டும் என்று ஒவ்வொரு பொதியிலும் குறிக்க வேண்டும். மற்ற நிரல்மொழிக்காரர்களுக்கு அதைக் கணினியே குறித்துவிடும். ராடிம் மட்டும் பல வருஷமாகக் கையால் எழுதிவந்தார். நிரலாசிரியர்கள் அடுத்த பதிப்பில் எல்லாவற்றையும் மாற்றுவார்கள்; அவர் மறுபடி எழுதுவார். இதற்குப் பெயர் பொறியியல்.

இத்தனைக்கும் ஜாவா நிரல் துண்டுகளுக்குள்ளேயே, என்னிடம் இன்னது இருக்கிறது, எனக்கு இன்னது வேண்டும் என்ற குறிப்பு உண்டு. அதைப் படித்துப் பொதியில் தானே எழுதிவிடும் கருவி ஒன்றை ராடிம் செய்தார். எங்கள் லினக்ஸின் அடுத்த வெளியீட்டில் புதியதைச் சேர்ப்பது வியாழனோடு நின்றுவிடும். தவறினால் இன்னும் ஆறு மாதம் கைவேலைதான். முடிவு, வெளியீட்டுப் பொறுப்பாளர் பிளாங்காவின் கையில்.

புதன்கிழமை, வழக்கம்போல் பதினொன்றரைக்கே சாப்பிடப் போனோம். பொரித்த பாலாடைக்கட்டி வருவதற்குள் சோதனையாளர் ஓதகர் ஆரம்பித்துவிட்டார்.

"யோவ் ராடிம், உன் கருவி கட்டின பொதியில ஒரு சின்ன எடிட்டர்தானே கேட்டேன்? டேட்டாபேஸ், மெயில் சர்வர்னு எல்லாம் கூடவே வருது. ஒருத்தனுக்குப் பத்திரிகை வச்சா ஊரே வேன் பிடிச்சு வர்ற மாதிரி!"

"குறிப்புல வேணும்னு போட்டிருக்கே."

"பக்கத்துலயே, இல்லைன்னாலும் பரவாயில்லைன்னு போட்டிருக்கே, அது கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. வேணாம்னா எதுக்குய்யா எழுதணும்?"

பிளாங்கா பீர் கோப்பையைக் கீழே வைத்தார். "இப்படியே இருந்தா நாளைக்கு உள்ள விடமாட்டேன், ராடிம்."

மதியமே திருத்தினார். 'பரவாயில்லை' என்றிருந்ததையெல்லாம் கருவி இப்போது விட்டுவிட்டது. எடிட்டர் தனியாக, சமர்த்தாக வந்து இறங்கியது. ஆனால் திறக்கவில்லை.

ஓதகர் உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார். "திரையில ஜன்னல் வரையற துண்டையே, இல்லைன்னாலும் பரவாயில்லைன்னு எழுதி வச்சிருக்கான், இந்த எடிட்டரை எழுதினவன்!"

"நான் அப்பவே சொன்னேன்ல?" ராடிமின் காது சிவந்துவிட்டது.

"நீ பண்ணினதும் தப்பு, அவன் எழுதினதும் தப்பு" என்றார் பிளாங்கா. "இந்த மாதிரி எத்தனை தேறும்?"

ஓதகர் சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "முன்னூத்துச் சொச்சம் பொதியில ஒரு பத்துப் பன்னெண்டு."

"கருவி உள்ள வரட்டும். அந்தப் பத்துப் பன்னெண்டை மட்டும் நீ கையாலயே எழுதிடு. சரியா?"

"நிரல் எழுதினவங்களுக்கு மெயில் போட்டுத் திருத்தச் சொல்றேனே?"

"போடு. பதில் வர்ற வரைக்கும் கையால எழுது."

வியாழக்கிழமை கருவி வெளியீட்டில் சேர்ந்தது. பதில் எதுவும் வரவில்லை. வெள்ளி மதியத்துக்குள் ராடிம் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு என் மேசைப் பக்கம் வந்தார்.

"உங்க பக்கம் கையால எழுதற வேலை ஏதாவது கிடக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.