கம்பாசிட்டரின் கால்கள்

அம்மாபேட்டை அச்சகம் ஒன்றில் அந்தக் கம்பாசிட்டரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, மசி ஏறிய நகங்கள். நின்றபடியே ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோப்பார். கல்யாணப் பத்திரிகை என்றால் செருப்போடு நிற்பார். கருமாதிப் பத்திரிகை வந்தால் மட்டும் கால்கள் தாமாகவே செருப்பை விட்டு இறங்கிவிடும்.

“சாவுச் சேதின்னா செருப்பைக் கழட்டிடறீங்களே?” என்றேன்.

“நானுங்களா?” குனிந்து பார்த்துத் திடுக்கிட்டார். “எழுத்தத்தானுங்க பாப்பேன். என்ன சேதின்னு படிக்கறதே இல்லீங்க.”

நான் நம்பவில்லை. அவர் அடுத்து எடுத்தது, நான் எழுதிக் கொடுத்திருந்த என் தங்கையின் கல்யாணப் பத்திரிகை. இருப்புக் கொள்ளாமல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்தேன். பாதியில் வலது கால் மெல்ல வெளியே வந்தது.

கல்யாணத்தில் ஏது சாவு? பதறி எழுந்து போனேன்.

“இப்ப என்னங்க கோத்தீங்க?”

“தெரியலீங்களே.” தாளில் விரல் நின்ற இடத்தைக் காட்டினார்.

‘காலஞ்சென்ற’ என்றிருந்தது. அடுத்து அப்பாவின் பெயர். எல்லோரும் போடுகிற சொல்தானே என்று யோசிக்காமல் எழுதியிருந்தேன்.

பெஞ்சுப் பக்கம் திரும்பினேன். தரை சில்லென்றது. என் செருப்பு பெஞ்சுக்கடியில் கிடந்தது. எப்போது கழற்றினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.