பதிலுக்குக் காத்திருந்த திரை

அந்தத் திரையை எழுதியவள் நான்தான். வேறு யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றால் வழியே இல்லை.

செம்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரு மிட்ரேஞ்ச் சர்வரில் இருக்கிறது. சின்ன பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, கறுப்புத் திரை, பச்சை எழுத்து. புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சண்டைக்குப் போவேன். ஒரு நாளும் படுத்ததில்லை அது.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உறவுக்காரர்கள் காத்திருக்கும் கூடம். அங்கே ஒரு டிவி. டோக்கன் நம்பரும் அதற்கு எதிரே நிலையும் வரும்: ‘உள்ளே’, அப்புறம் ‘முடிந்தது, பார்க்கலாம்’. முன்பெல்லாம் நிமிடத்துக்கு ஒரு முறை பக்கம் முழுவதும் புதிதாக ஏறும். ஏறும்போது ஒரு கணம் திரை வெள்ளையாகிவிடும். அந்த ஒரு கணத்தில் கூடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒரு அம்மாள் பதறி எழுந்தே நின்றுவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் மாற்றி எழுதினேன். பக்கம் அசையாமல் நிற்கும். பின்னால் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரு குட்டி புரோகிராம் சத்தமில்லாமல் போய்ச் சர்வரைக் கேட்கும். பதில் வந்ததும் மாற வேண்டிய வரி மட்டும் மாறும். சர்வருக்குச் சுமை ஏறக் கூடாதே என்று, முந்தின கேள்விக்குப் பதில் வராமல் அடுத்ததைக் கேட்காதே என்றும் எழுதி வைத்தேன்.

“பதிலே வரலன்னா?” என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். சான்பாடாவிலிருந்து வருகிறவள், எதையும் இரண்டு தரம் கேட்பாள்.

“வரலன்னா பழசே இருக்கட்டும். எரர்னு காட்டி ஜனங்கள பயமுறுத்தணுமா?”

“அரே, எவ்வளவு நேரம் பழசே இருக்கும்?”

“நம்ம மிஷின் என்னைக்குடி படுத்திருக்கு? போ, போய் வேலையப் பாரு.”

இவ்வளவு திமிராகத்தான் பேசினேன்.

திரை வருவதற்கு முன் ஒரு ஆயாம்மா இருந்தாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, யாருடைய பேராக இருந்தாலும் ஒரே இழுவையில் இழுத்துக் கூப்பிடுவாள். திரை வந்ததும் கூப்பிட வேண்டாம் என்று அவளை உள்ளே வேலைக்குப் போட்டார்கள். கூடம் அமைதியாகிவிட்டது என்று மீட்டிங்கில் எனக்குப் பாராட்டு.

அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். சாதாரண ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். அத்தான் போன பிறகு தாராவியில் அவளும் நானும்தான். வாய் மட்டும் பெரிய வாய். தெருவில் தண்ணீர்ச் சண்டை வந்தால் முதல் ஆள் அவள். ஆனால் தனியாக லிஃப்டில்கூட ஏற மாட்டாள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என் கையை விடவில்லை.

“ஏட்டி, கண்ணு முழிக்கும்போது நீ முன்னால நிக்கணும். ஆள் தெரியாத எடத்துல என்னால கெடக்க முடியாது.”

“எக்கா, வெளிய ஓடுற திரையே என்னுதுதான். முடிஞ்ச அடுத்த நிமிசம் எனக்குத் தெரிஞ்சிரும். சும்மா இரு.”

“திரைய விடு. நீ நில்லு.”

நர்ஸ்கூட, ஸ்டாஃப்தானே, உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள். நான்தான் பெரிய இவள் மாதிரி, வேண்டாம், திரை இருக்கிறதே என்றேன்.

உட்கார்ந்தேன். ‘உள்ளே’ என்றது திரை. நேரம் போயிற்று. ‘உள்ளே’தான். மற்றவர்களின் வரிகளும் மாறாமல் நின்றதை நான் கவனிக்கவில்லை. என் வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் கடிகாரம் நொடிநொடியாக ஓடியது, அதனால் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பினேன். அந்தக் கடிகாரம் சர்வரிலிருந்து வருவதல்ல, அந்தப் பக்கமே தானாக ஓட்டுவது. எழுதிய எனக்கே அது நினைவில்லை.

மதியம் சான்பாடாக்காரி போன் செய்தாள். “ஏய், டிவி பக்கத்தோட ஜாப் காலைலேர்ந்து மெசேஜ்ல நிக்குதுடி. யாரும் பாக்கல. நான் பதில் போடட்டா?”

அந்த மிஷினின் குணம் அது. நடுவில் ஒரு சிக்கல் வந்தால் புரோகிராம் செத்துப்போகாது. எங்கள் பிரிவுக்கு ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, யாராவது பதில் சொல்லும்வரை அப்படியே நிற்கும். வழக்கமாகப் பதில் சொல்வது நான். அன்று நான் லீவு.

“போடு,” என்றேன்.

திரையில் எல்லா வரிகளும் ஒன்றாக மாறின. அக்காவின் நம்பருக்கு எதிரே, ‘டாக்டரைப் பார்க்கவும்’. அந்தச் சொற்களை எதற்காக வைத்தோம் என்று எனக்குத் தெரியும்.

கதவருகே ஆயாம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “எங்கத்தா போயிருந்த? ஒரு மணி நேரம் நல்லா முழிச்சிருந்துச்சு. தங்கச்சி எங்க, தங்கச்சி எங்கன்னு வாசலையே பாத்துச்சு. திரைல போட்டாச்சு, இப்ப வந்துரும்னு நாங்களும் சொல்லிக்கிட்டே இருந்தோம். பொசுக்குன்னு மூச்சு முட்டிருச்சு. நான் வந்து ஒரு குரல் குடுத்திருக்கணும். இப்பதான் கூப்பிடுறதில்லையே.”

ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது, யார் இருந்தும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். இருக்கட்டும். ஐயோ, நான் காப்பாற்றவா நின்றிருப்பேன்? முன்னால் நின்றிருப்பேன், அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று சர்வரில் அக்காவின் பதிவைத் திறந்து பார்த்தேன். ‘உள்ளே’க்கும் ‘டாக்டரைப் பார்க்கவும்’க்கும் நடுவில் ‘முடிந்தது, பார்க்கலாம்’ என்று ஒரு வரி, நேரத்தோடு இருந்தது. நர்ஸ் சரியாகத்தான் பதிந்திருக்கிறாள். அந்த வரியை உலகத்தில் யாரும் பார்க்கவில்லை.

இப்போது அரை நிமிடம் பதில் வராவிட்டால் திரை சிவப்பாகிவிடும். ‘தகவல் வரவில்லை, கதவைத் தட்டிக் கேளுங்கள்’ என்று காட்டும். ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று புகார் வந்தது. பயப்படட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஆயாம்மாவையும் சண்டை போட்டுப் பழைய இடத்துக்கே வர வைத்துவிட்டேன்.

அக்கா கண் முழித்துப் படுத்திருந்த இடத்துக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. திரைய விடு, நீ நில்லு என்றுதான் சொன்னாள். அதைச் செய்ய எந்தப் படிப்பும் வேண்டியிருக்கவில்லை.