பாதியில் வெட்டிய பாட்டுகள்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் இடத்துக்காகக் காத்து நின்றபோது கைப்பேசி ஒரு தரம் அதிர்ந்தது. காப்புப் பிரதி எடுக்க முடியவில்லை, இடம் போதவில்லை என்று ஒரு செய்தி. கூட நின்ற தோழி எட்டிப் பார்த்துவிட்டு, தன்னுடையதிலும் அது மாதக்கணக்காகக் கிடக்கிறது என்றாள். அவளுக்கு அது ஒரு கொசு. எனக்கு அப்படி இல்லை. இலையில் விழுந்த சாம்பாரின் மணம்கூட மூக்கில் ஏறவில்லை. ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு மறு கையால் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணப் படங்கள் சில அதில் போயிருக்கலாம். பரவாயில்லை. பாட்டுகளுக்கு இடம் வேண்டும்.

பாட்டுகள் என்றால் பெரிய சங்கீதம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வரி இல்லாத பாட்டுகள், நடுவில் மழை இரைச்சல் கேட்கும் பாட்டுகள், முடிந்ததும் யாரோ பேசத் தொடங்க, டக்கென்று நின்றுவிடும் பாட்டுகள். அவற்றின் ஒரு பிரதி என் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒன்று அம்பாங்கில் தங்கை வீட்டுச் சாமி அலமாரியில், திருநீற்றுத் தட்டுக்குப் பின்னால். ஒன்று வீட்டில், ஒன்று இணையத்தில். தாலிக்கொடியைக்கூட நீ இப்படிப் பாதுகாத்ததில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். உண்மைதான்.

அப்பா லோரி ஓட்டினார். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருக்கிற தொழிற்சாலைகளிலிருந்து சரக்கு ஏற்றித் துறைமுகத்தில் இறக்குவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் அவர் சட்டையில் டீசலும் புதுப் பலகையும் கலந்த ஒரு வாடை இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்துவிட்டு, சமையலறை மேசையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்காருவார். நேயர் விருப்ப நேரம். பிடித்த பாட்டின் இசை தொடங்கியதும் கட்டை விரலால் பதிவுப் பொத்தானை அழுத்துவார். அது எந்தப் பாட்டு என்று அவருக்குப் புரிந்து, விரல் இறங்குவதற்குள் முதல் வரி போய்விடும். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், "விரும்பிக் கேட்டவர்..." என்று ஆரம்பிப்பார். அப்பா டக்கென்று நிறுத்திவிடுவார். ஊரார் பெயருக்கெல்லாம் ஒலிநாடாவை வீணாக்குவானேன் என்பது அவர் கட்சி. அந்த டக் சத்தமும் பதிவாகியிருக்கும். நிறுத்திவிட்டுப் பொத்தான் மேலேயே விரலை வைத்து, அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

நான் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் வாங்கியது ஒரு எம்பி3 பிளேயர். சிகரெட் பெட்டி அளவில், உள்ளே ஒரு குட்டி ஹார்ட்டிஸ்க் சுற்றுகிற வகை. கிள்ளானிலிருந்து தினமும் கொமூட்டர் ரயிலில் போய்வருகிறவளுக்கு அது பெரிய துணை. அப்பாவின் நாடாக்களில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொன்றாக ஓடவிட்டு வீட்டுக் கணினியில் ஏற்றி, அங்கிருந்து பிளேயருக்கு மாற்றினேன். அப்பாவின் பழைய கூட்டாளி முனி அங்கிள், தன் லோரியில் புதுசாகப் போட்ட ரேடியோவில் பென்டிரைவ் செருகலாம் என்று சொல்லி ஒரு பிரதி வாங்கிப்போனார். அதற்குப் பிறகு நாங்கள் வீடு மாறினோம். அம்மா நாடாக்களையெல்லாம் பழைய பேப்பர் லோரிக்காரரிடம் கொடுத்துவிட்டார். அதே வருஷம் ஒரு மழையில் இடி விழுந்து வீட்டுக் கணினி கருகியது. ஆக, எல்லாம் என் கைப்பையில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள். அப்போது எனக்கு அது ஒரு கவலையாகவே தோன்றவில்லை.

அப்புறம்தான் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சுதான் போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்றால் குவளையைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், வாய் அசையும், ஒன்றும் வராது. பிறகு கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்ப்பதைவிடத் திட்டு வாங்கியிருக்கலாம்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்தது ஒரு மலாய்க்காரப் பெண். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அப்பாவுக்குப் பாட்டுப் பிடிக்குமா என்று ஒருநாள் கேட்டார். பேச்சு மூளையில் ஒரு பக்கம்தான் இருக்கும், பாட்டு இன்னொரு பக்கத்திலும் இருக்கும், போட்டுப் பாருங்கள் என்றார். அங்கேயே பிளேயரை எடுத்து ஒரு காதுக்குழாயை அப்பாவுக்கும் ஒன்றை எனக்கும் மாட்டினேன். முதல் வரி இல்லாமல் பாட்டு தொடங்கியது. அப்பா இரண்டாவது வரியிலிருந்து சேர்ந்து பாடினார். சொல் சொல்லாக, தெளிவாக. அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி பாடிக்கொண்டே வந்து ஒரு சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள் என்றார்.

அப்படித்தான் செய்தோம். ஆற்றைப் பற்றிய ஒரு பாட்டில் பாதியில் நிறுத்தினால் 'தண்ணி' என்பார். தாலாட்டு ஒன்றில் நிறுத்தினால் 'பசி' வரும். எந்தப் பாட்டில் எந்தச் சொல் கிடைக்கும் என்று அம்மாவுக்கு மனப்பாடம். காய்கறி வாங்குவதுபோலப் பாட்டிலிருந்து சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் ரயிலில், பிளேயருக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம். பல்லி கத்துவது மாதிரி. வீட்டுக்கு வந்து அழுத்தினால் திரையில் ஒரு கேள்விக்குறி. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு பழுது பார்க்கும் கடைக்கு ஓடினேன். சீனக் கடைக்காரர் அதைக் காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்றார். இன்னும் இரண்டு கடைகள் ஏறி இறங்கினேன். பதில் மாறவில்லை.

என்ன பெரிய விஷயம், அதே பாட்டுகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இறக்கினேன். சுத்தமான ஒலி, முழு முன்னிசை, முதல் வரி எல்லாம் இருந்தது. அதுதான் வினை. அப்பா அறிந்த இடத்தில் பாட்டு தொடங்கவில்லை. வயலின்கள் நீண்டுகொண்டே போக, அவர் வாய் திறந்து திறந்து மூடியது. கடைசியில் காதுக்குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முன்பகுதியை நானே வெட்டியும் பார்த்தேன். ஒரு மூச்சு முன்னே, ஒரு மூச்சு பின்னே. அவர் விரல் இறங்கிய இடம் எனக்கு அகப்படவில்லை. நாள் போகப் போக 'தண்ணி'யும் நின்றது. பயிற்சி விட்டுப்போனால் வந்ததும் போய்விடலாம் என்று அந்தப் பெண் எச்சரித்திருந்தார். ரயிலில் அதையே நினைத்து நினைத்து, இறங்கவேண்டிய நிலையத்தை ஒரு முறை விட்டிருக்கிறேன்.

அம்மாதான் முனி அங்கிளை ஞாபகப்படுத்தினார். போனில் பிடிக்கச் சில நாள் ஆயிற்று. வடக்கே போயிருந்தார். பென்டிரைவ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இருக்கு லா. ஆனா சில நேரம் படிக்கும், சில நேரம் படிக்காது. நாளைக்கு மேருல லோட் ஏத்துறேன், அங்க வந்துரும்மா."

மறுநாள் தொழிற்சாலை வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. முனி அங்கிள் வந்து அவரிடம் மலாயில் ஏதோ கெஞ்சி என்னை அழைத்துப்போனார். லோரி முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பென்டிரைவின் முனை வளைந்து, ரப்பர் வளையம் சுற்றி இருந்தது. இரவல் வாங்கிய மடிக்கணினியில் செருகினேன். ஒன்றும் தெரியவில்லை. கழற்றித் துடைத்துச் செருகினேன். இல்லை. முனி அங்கிள் குனிந்து, அதைச் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தார். பெயர்கள் வரிசையாக வந்தன.

"இப்படியே பிடிச்சிக்கிறேன். நீ எடு," என்றார்.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. வெளியே போர்க்லிப்ட் வண்டி பலகைகளைத் தூக்கி ஏற்ற, லோரி குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கோடு நின்று, யோசித்து, நகர்ந்தது. பின்னால் காத்திருந்த லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். முனி அங்கிள் கையை எடுக்கவில்லை. தன் வேலை போனாலும் எடுக்கமாட்டார் என்று தோன்றியது. பாதி தாண்டியதும் திரை உறைந்தது. பென்டிரைவ் தொட்டால் சுட்டது. அதற்குப் பிறகு அது எந்தக் கணினியிலும் உயிர் பெறவில்லை. வந்தது பாதிக்குச் சற்று மேல். ஆற்றுப் பாட்டு அதில் இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போட்டேன். முதல் வரி இல்லாமல் பாட்டு தொடங்கியது. அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். இரண்டாவது வரி போய்விட்டது. மூன்றாவதும் போயிற்று. நாலாவதில் உதடு அசைந்தது, பிறகு குரல். கடைசிவரை பாடினார். பாட்டு முடிந்து அறிவிப்பாளர், "விரும்பிக் கேட்டவர்..." என்றார். டக். நான் அடுத்த பாட்டுக்குக் கையை நீட்டினேன்.

அந்த வெட்டுப்பட்ட பெயரின் இடத்தில் அப்பா மெல்ல, இழுத்து இழுத்து, எந்த மெட்டும் இல்லாமல் சொன்னார்: "கிள்ளான்... லெட்சுமி."

லெட்சுமி என் அம்மாவின் பெயர். கல்யாணமான நாளிலிருந்து அப்பா அவரை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டு வந்தார். அம்மா கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "இப்பதான் பேரு தெரிஞ்சிதா?" என்றார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. முழுசாக இல்லை, வீட்டுக்குப் போதுமான அளவு. சில வருஷங்கள் இருந்துவிட்டுப் போனார். முனி அங்கிளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தச் சமையலறையிலும் இப்போது யாரும் ரேடியோப் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருப்பதில்லை. எந்தப் பாட்டும் கேட்டவுடன் முதல் வரியோடு வந்துவிடுகிறது.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். சில மாலைகளில் ஆற்றுப் பாட்டைப் போடச் சொல்வார். நான் போடுவேன். விரும்பிக் கேட்டவர் என்று குரல் வரும். டக். அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன் சிறு மௌனம். அந்த மௌனத்தில் அம்மா தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருப்பார். நானும் அசையமாட்டேன்.