இளகின மனசுக்காரர்

இசக்கி அண்ணே... உன் ஃப்ளெக்ஸில் என்ன வரி போடுவது?

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கத் தென்காசி போனேன். பேர், போட்டோ கொடுத்தாச்சு. கடைக்காரர் ஒரு வரி கேட்டார். அப்பா இல்லாத என்னை வளர்த்த அண்ணன், மாரடைப்பில் போய்விட்டான். அவனைப் பற்றி ஒரு நல்ல வரி சொல்லத் தெரியாத தங்கச்சி உண்டா?

மதினிக்கு போன் போட்டேன். "ஒரு வரியும் வேண்டாம். பேரு மட்டும் போடு" என்று வைத்துவிட்டாள்.

மதினி கோபத்துக்குக் காரணம் உண்டு. அண்ணன் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். செல்லையா அண்ணாச்சிக்கும் அதே வேலை, கூட்டமெல்லாம் அவரிடம்தான். ஒரு சீசனில், அவர் கையில் சொறி, தேய்த்தால் ஒட்டும் என்று வருகிறவர்களிடம் அண்ணன் சொல்லிவிட்டான். பச்சைப் பொய். அண்ணாச்சி தொழிலை விட்டு, சுரண்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவர் வீட்டுக்கு அண்ணனே அரிசி கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பி வந்து கண்ணைத் துடைத்தான். "என்னை மாதிரி இளகின மனசு யாருக்கும் இருக்கக் கூடாதுட்டி."

நீ கிளப்பிவிட்ட கதைதானே என்றேன். அது தொழில், இது மனசு என்றான். நடிக்கவில்லை... அதுதான் பயமாக இருந்தது.

வரி சொல்லாமலே குத்துக்கல்வலசை வீட்டுக்குத் திரும்பினால், துக்கம் கேட்க செல்லையா அண்ணாச்சி வந்திருக்கிறார்! சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஃப்ளெக்ஸ் விஷயத்தைச் சொன்னேன்.

"இளகின மனசுக்காரர்னு போடு தாயி. எவனோ ஒருத்தன் கதை கட்டி என் பொழப்பைக் கெடுத்தான். அரிசியோட வந்து நின்னது உங்க அண்ணன் மட்டுந்தான்."

மதினி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன். அவர் சொன்ன வரியையே போடச் சொல்லிவிட்டேன். மதினி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் மறைத்தேன். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அண்ணனும் இப்படித்தான் நினைத்திருப்பானோ? கெட்டவனுக்குத் தான் கெட்டவன் என்று தெரியுமா, தெரியாதா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் பைக் சத்தத்துக்குக் காது ஏங்குவது மட்டும் தெரிகிறது.

குற்றாலம் வந்தால், அருவியில் குளித்துவிட்டு, கோயிலில் இசக்கிமுத்து என்ற பேருக்கு எல்லோரும் ஒரு கும்பிடு போடுங்கள். ரொம்ப நல்லவன் என்று சாமியிடம் சிபாரிசு மட்டும் வேண்டாம். அதை அவனே சொல்லியிருப்பான்.