அரிசி டப்பாவில் வைத்த கேமரா

தீவில், ஹேடோ துறைமுகத்தில் நான் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. அந்த வருடம் சிமெண்ட் தொடர்ந்து குறைந்தது. முழு மூட்டையாகத்தான் இறக்கினோம் என்றார்கள் கப்பல்காரர்கள். கிடங்கிலோ பல மூட்டைகள் கிழிந்து, இளைத்துக் கிடந்தன. ஊருக்கு வெளியே கராச்சர்மாவில் எழும்பிய புது வீடுகளுக்கு நான்தான் விற்றேன் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த கப்பலிலும் குறைந்தால் வேலை போய்விடும் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

கிரேன் கயிறு இறுக்கும்போதே மூட்டை கிழிகிறது என்பது எனக்குத் தெரியும். என் வார்த்தையை யார் நம்புவார்கள்? பஜாரில் கடை வைத்திருந்த கீழக்கரை பாயிடம் ஒரு குட்டிக் கேமரா வாங்கினேன்.

"முப்பத்தாறு விழுற ஃபிலிம்ல இது எழுபத்திரண்டு எடுக்கும், தம்பி. ஒவ்வொண்ணும் பாதி சைஸு."

"எங்கேயோ இடிக்குதே, பாய்."

"உங்களுக்கு யாவாரம் பண்றதுக்கு நான் கப்பல்ல மூட்டை தூக்கலாம்!"

சட்டைப் பையில் அடங்கியது அதன் பெரிய பலம். படம் நெட்டுவாக்கில் விழுவதால் கிரேன் உச்சியும் தரையும் சேர்ந்தே வந்தன. ஆனால் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும்; எனக்கு என் கண் மேலேயே சந்தேகம். போதாததற்குத் தீவின் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதனால் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன்.

"சோத்துல ஃபோட்டோ வந்துடப் போகுது, பாத்துச் சாப்பிடுங்க," என்றாள் மனைவி.

கப்பல் வந்தது. மூட்டைக் கட்டு அந்தரத்தில் தொங்கும்போதெல்லாம் ஒளிந்து நின்று எடுத்தேன். அப்புறமும் ஃபிலிம் பாதிக்கு மேல் மிச்சம். அரைகுறையாகக் கழுவக் கொடுக்க மனம் வரவில்லை. பாயின் பூனை, பஸ், எங்கள் ஆபீஸ் வராந்தா என்று எதையாவது எடுத்து முடித்தேன்.

கழுவ மெட்ராஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். போவதோ அதே கப்பல். அதில் போகும் பாயின் மச்சான் கையில் கொடுத்தபோது, யாராவது மாற்றினால் தெரியட்டும் என்று ஃபிலிம் டப்பாவில் ஆணியால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தேன். அவரையும் நான் நம்பவில்லை.

அதற்குள் மறுபடி குறைந்த சிமெண்டுக்கு விசாரணை வந்தது. படங்கள் வரும்வரை தவணை கேட்டேன். வந்தன. கிழிந்த மூட்டைகளைச் சுற்றி வெள்ளைப் புகையாய்ச் சிமெண்ட் தூள். அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"அரே பாபு, யே ஃபங்கஸ் ஹை. சிமெண்ட் நஹி."

அது சிமெண்ட் இல்லையாம், பூஞ்சையாம். இத்தனை அரிசியும் வீணா?

பிறகு மிச்சப் படங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினேன். "பூஞ்சைன்னா எல்லாத்துலயும் இருக்கணும், சாப். இதெல்லாம் அப்புறம் எடுத்தது. பூனையைப் பாருங்க, மீசை கூடத் தெரியுது. வந்த பூஞ்சை தானா போயிடுமா?"

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இறக்கும்போது ஏற்பட்ட சேதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வேலை தப்பியது. படங்களைத் திருப்பித் தர அடுக்கும்போது, வராந்தா படத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. படத்தில், நாற்காலியில் வாயைத் திறந்தபடி அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து எண்ணினேன். எழுபத்திரண்டில் எழுபத்தொன்றுதான் இருந்தது.

நெகட்டிவ் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் மாற்றலாகிப் போகும்வரை அது அரிசி டப்பாவில்தான் இருந்தது.