துடைக்காமல் விட்ட நீலம்

என் மகளுடைய மாமியார் போனில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"சம்பந்தி, தப்பா நெனச்சிக்காதீங்க. வூட்ல பாத்ரூம் கட்டிட்டீங்களா, இன்னும் அதே தட்டி மறைப்புதானா?"

போன் எதிர்த்த மளிகைக் கடையுடையது. கடைக்காரர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுமே என்று எனக்குக் கூச்சம். "தட்டிதாங்க" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அப்ப எப்படிங்க அனுப்புறது? ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அனுப்புனா மழ வந்துரும். புள்ளத்தாச்சி சேத்துல வழுக்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது? நீங்க ஒரு பாத்ரூம் கட்டிட்டுச் சொல்லுங்க, நானே கூட்டியாந்து வுடுறேன். முடியலன்னா பிரசவத்த இங்க பெண்ணாடத்துலயே பாத்துக்குறோம். உங்களுக்கும் சிரமம் இல்ல பாருங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மகளுக்கு அப்போது நாலாம் மாதம். புள்ளத்தாச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். மூன்றாம் நாள்தான் அவளிடம் சொன்னார்கள். அப்பா முகத்தைப் பார்க்காமலே அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. என்னிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

நான் அழவில்லை. எல்லோரும் அழும்போது அழுதேனோ என்னவோ, நினைவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். சோறு பொங்கினேன், ஒரு ஆளுக்கு அரிசி போடத் தெரியாமல் தினமும் இரண்டு ஆளுக்குப் போட்டேன், மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலை மடக்கி உட்கார்ந்து மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. மகள் வந்து மூன்று மாதம் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதையும் ஆசை என்று சொல்ல முடியாது. அவள் வராவிட்டால் இந்த வீட்டில் நான் என்னவாகிப் போவேன் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில். கரண்டு ஃபியூஸ் கட்டை செய்வோம், சீசனுக்குப் பொம்மையும் செய்வோம். என் வேலை கிளேஸ் முக்குவது. கிளேஸ் என்றால் மோர் மாதிரி இருக்கும் ஒரு கரைசல். அதில் முக்கிச் சூளையில் சுட்டால்தான் பீங்கானுக்குப் பளபளப்பு வரும். முக்கியதும் அடிப்பாகத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் சூட்டில் கிளேஸ் உருகி, அடுக்கியிருக்கும் நெருப்புக்கல் பலகையோடு சாமான் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உளி வைத்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும். முக்கு, துடை, வை. இருபது வருஷம் இதையே செய்திருக்கிறேன்.

இருந்த பணம் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போயிற்று. கக்கூஸ் பேசின் நம்ம ஊரில் செகண்ட்ஸில் கிடைக்கும். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல், அதற்காகத் தள்ளிவிட்டது ஒன்றை எடுத்தேன். சுவர் எழும்பியது. உள்ளே சிமெண்டு பூசி விட்டுவிடலாம் என்றிருந்தேன். என்னோடு துடைப்பு வேலை பார்த்த சிநேகிதிதான் விடவில்லை.

"ஏண்டி, பெண்ணாடத்துல அந்தம்மா வூட்ல வெள்ளை டைல்ஸ் போட்டு கண்ணாடி கணக்கா வெச்சிருக்குதுன்னு நீதான் சொன்ன. இங்க வந்து வெறும் சிமெண்ட பாத்தா நீ மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சிப்ப? பீங்கான் ஊருல இருந்துக்கிட்டு ஒரு வில்லைக்கு வக்கில்லையான்னு கேக்காது?"

"என்னாத்தப் போட்டு வாங்குறது?"

"வாங்கவா சொன்னேன்? கம்பெனி பின்னால கெடக்குது பாரு குப்பையாட்டம்."

பின்னால் கிடந்தது உண்மைதான். முன்னே ஒரு காலத்தில் முதலாளி சுவரில் ஒட்டுகிற டைல்ஸ் வில்லை செய்து பார்த்தார். சரியாக விற்கவில்லை. ஒரு தடவை மட்டும் சுட்ட, பளபளப்பு ஏறாத வெள்ளை வில்லைகள் வேப்பமரத்தடியில் பாசி பிடித்துக் கிடந்தன. கிளேஸும் இருந்தது. கண்ணன் பொம்மைக்கென்று கரைத்த கரு நீலம். ஆர்டர் நின்றுபோனதால் ஒரு டிரம்மில் பாதி அப்படியே மீந்திருந்தது. நான் நீலம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவில்லை. மீந்திருந்தது நீலம்.

கேட்க வேண்டியது முதலாளியிடம். இருபது வருஷத்தில் அவரிடம் நான் நேராகப் பேசியதே இல்லை. ஆபீஸ் வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். கடைசியில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், "அய்யா, கிழிந்த வில்லையும் மீந்த நீலமும் பாத்ரூமுக்கு வேண்டும், மகள் பிரசவத்துக்கு வருகிறாள்" என்று எழுதி, சூளை பார்க்கும் அண்ணனிடம் கொடுத்தேன். என் வீட்டுக்காரரோடு ஒன்றாகச் சூளையில் நின்றவர் அவர். படித்துவிட்டுச் சிரித்தார். "வில்லை எங்க தங்கச்சி கிழியும்? கழிச்சதுன்னு எழுதக் கூடாதா?" என்றார். போய்க் கேட்டு வந்தார். "எடுத்துக்கச் சொல்லிட்டாரு. சூளையில எடம் காலியா இருக்குற மூலையில நான் வெச்சி எடுத்துத் தரேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லைகளைக் கழுவிக் காயவைத்து முக்கினேன். சுடாத நீலம் பார்வைக்கு நீலமாக இருக்காது. சாம்பலில் கொஞ்சம் ரோஸ் கலந்த மாதிரி, செத்த நிறமாக இருக்கும். பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், நெருப்பில்தான் அது நீலமாகும். ஒவ்வொன்றாக முக்கி முக்கி வைத்தேன். கை தானாக வேலை செய்தது. என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பக்கத்தில் பஞ்சு ஈரமாக இருந்தது. அதை நான் தொடவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

சூளை பிரித்த அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் வந்து பாரு."

பலகை முழுக்க நீலம். அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. தண்ணீர் தேங்கின மாதிரி, உள்ளே ஆழமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வில்லையைக் கையில் எடுக்கப் போனேன். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. எல்லாம் பலகையோடு ஒட்டியிருந்தது.

"அடி தொடைக்கலயாம்மா?"

நான் இன்னொரு வில்லையை நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.

"இருவது வருசத்துல ஒரு ஃபியூஸ் ஒட்டுனது கெடையாது உன் கையில." அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நானும் திருப்பிப் பாக்கல. நீ முக்குனதுன்னு அப்பிடியே அடுக்கிட்டேன். சரி வுடு. முதலாளி கேட்டா சூளையில சூடு ஏறிடுச்சின்னு நான் சொல்லிக்கிறேன்."

உளியால் அவரே தட்டினார். ஒன்றுகூட முழுசாக வரவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் நீலம் சில்லாகத் தெறித்தது. பலகைக்கு ஆன சேதத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், பாத்ரூம் போயிற்றே என்று வயிறு எரிந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. கோணிப்பையை விரித்துச் சில்லுகளைப் பொறுக்கினேன். இரண்டு பை வந்தது.

கொத்தனார் பையைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தார்.

"என்னாங்க இது, கோழி கொத்துன மாதிரி இருக்குது. இத எப்பிடிங்க ஒட்டுறது? தரையிலெல்லாம் நான் பதிக்க மாட்டேன். காலக் கிழிக்கும், பொண்ணு வேற புள்ளத்தாச்சின்றீங்க."

"செவுத்துக்கு மட்டுங்க. நான் அடுக்கித் தரேன்."

தினமும் வேலை விட்டு வந்து, சாக்கை விரித்து உட்கார்ந்து சில்லுகளைப் பிரித்தேன். ஃபியூஸ் கட்டையில் பிசிறு தேய்க்கிற கல் ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொண்டு ஒவ்வொரு சில்லின் ஓரத்தையும் கூர் போகத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து வைத்தேன். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். சுவரில் பெரியதை முதலில் பதித்து, இடுக்கில் சின்னதைச் செருகி, நடுவில் வெள்ளை சிமெண்டு இழுத்தார் கொத்தனார். இடுப்பு உயரத்துக்குத்தான் வந்தது. அதற்கு மேல் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலந்தேன்.

"ஊத்துங்க, ஊத்துங்க. வெளுப்பாத்தான் தெரியுது" என்றார்.

"போதுங்க. ஈரத்துல அப்பிடித்தான் தெரியும். காஞ்சா ஏறிடும்" என்றேன். நிறம் விஷயத்தில் மட்டும் எனக்குப் பேச்சு வரும். காய்ந்ததும் மேலே வானம் மாதிரி இளசாக நின்றது.

கீழே அவ்வளவு கருநீலம் வந்ததும் உள்ளே இருட்டடித்தது. கூரை ஓட்டில் இரண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடச் சொன்னேன். தகரக் கதவுக்கு ஒரு நீல பெயிண்ட். சந்தைத்தோப்புக் கடைகளில் தேடிக் கருநீல வாளியும் மக்கும் வாங்கினேன். தரை சொரசொரப்பான சிமெண்டு. அவ்வளவுதான் பாத்ரூம்.

சம்பந்தியம்மா சொன்னபடி வந்தார். பெண்ணாடம் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகப் பின்பக்கம் போனார். உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு மக்கு, இரண்டு மக்கு. காலைத் தரையில் தேய்க்கிற சத்தம் கேட்டது. நானும் சிநேகிதியும் வெளியே நின்றோம்.

"குளிக்கவே ஆரமிச்சிட்டாங்களா?" என்று அவள் என் காதில் கேட்டாள்.

சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். "ஏங்க சம்பந்தி, கெணத்துக்குள்ள எறங்குனாப்புல இருக்குது. குளுகுளுன்னு. இதெல்லாம் யாரு ஒட்டுனது?"

"கொத்தனாருதாங்க."

"அது வாயத் தொறக்காதுங்க" என்றாள் சிநேகிதி. "அதுதான் ஒவ்வொண்ணா தேச்சி, பொறுக்கி அடுக்குச்சி."

சம்பந்தியம்மா மறுபடி எட்டி உள்ளே பார்த்தார். சுவரில் ஒரு சில்லின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "கீறல. தரையும் வழுக்கல. சரிங்க, அனுப்புறேன்" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. நான் டீ போடப் போனேன்.

வளைகாப்பு பெண்ணாடத்தில் நடந்தது. என் அண்ணிதான் அம்மா இடத்தில் நின்று முதல் வளையல் போட்டார். நான் பின்னால் சமையல் பாத்திரங்களோடு இருந்தேன். தாலி இல்லாதவள் முன்னே வரக் கூடாது. எனக்கு முன்னே நிற்பது எப்போதுமே ஆகாது என்பதால், அது வசதியாகவும் இருந்தது. அன்று சாயந்திரம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியில் அவள் அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்து, அவர் சட்டை மாட்டுகிற ஆணியைப் பார்த்தாள். சட்டையைத் தானம் கொடுத்திருந்தோம். ஆணி மட்டும் இருந்தது. படுத்துத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை குளிக்கப் போனாள். முனிசிபல் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும், அதற்குள் குளித்துவிட்டு எல்லாம் பிடித்து வைக்க வேண்டும். கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்தாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அதோடு இன்னொரு சத்தம் கலந்தது. முதலில் அவள் என்னமோ பாடுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. "அப்பா அப்பா" என்று, சின்னப் பிள்ளையில் தூக்கக் கலக்கத்தில் கூப்பிடுவாளே, அந்தக் குரல்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது. கால் வரவில்லை. சோப்பு உள்ளே வைக்க மறந்துவிட்டேன் என்பதுதான் நினைவுக்கு வந்தது. மாடத்திலிருந்த புது சோப்பை எடுத்துத் தாளைப் பிரித்தேன்.

"சோப்பு" என்றேன்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. அவள் ஈரக் கை வெளியே வந்தது, புது வளையல்களோடு. சோப்பை அந்தக் கையில் வைத்தேன். சோப்பு கீழே விழுந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்து வழியாகச் சுவர் கொஞ்சம் தெரிந்தது. கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் இறங்கி நீலச் சில்லுகளில் விழுந்திருந்தது, சில்லுக்குச் சில்லு ஒரு மாதிரி மின்னிக்கொண்டு.

வாளி நிரம்பித் தண்ணீர் வாசல் வழியாக என் காலடிக்கு வந்தது. குழாயை மூடு என்று சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்கவில்லை. அவள் கையை விடுகிறவரை நான் அங்கேயே நின்றேன். கால் சில்லென்றிருந்தது, அது எனக்குத் தெரிந்தது.